மனம் ஒப்பாத சமாதானம்



நம்மவரிடையே பிணக்குத் தீர்த்து வைக்கப் போகும் பெரியவர்கள் அடிக்கடி கேட்டுத் திரும்பும் பதில் ஒன்றுண்டு. "நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான் பாய். ஆனால் என் மனம் ஒப்பவில்லையே! மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஸலாம் சொல்லிக் கைகொடுப்பது முனாஃபிக்கின் வேலையல்லவா? மனம் ஒப்பும் நாள் வரட்டும், நானே போய்ப் பேசுகிறேன்" என்பதே அப்பதில். கேட்பதற்கு மிக்க நேர்மையான பேச்சாகவே இருக்கும். சமாதானம் பேசப் போனவர் மேலே சொல்ல ஒன்றுமின்றி எழுந்து வந்துவிடுவார். மனம் ஒப்பும் நாளோ வருவதில்லை. பகை இன்னும் பத்து வருஷம் ஓடும். பிறகு பிள்ளைகள் கைக்குப் போகும்.

மனம் ஒப்பாமல் செய்யும் சமாதானம் சமாதானமாகுமா, அல்லது நயவஞ்சகமாகுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் பற்று வரவு எழுதிப் பழகியதுமே என் கல்வி. எனினும் பகையும் ஒருவகைக் கணக்குத்தான் ஆகையால், கணக்கெழுதுகிறவன் இதைப்பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று எண்ணுகிறேன்.

லாருட்டில் நடந்தது

நம் சபாக்கில் நின்று பெர்ணாம் ஆற்றின் அக்கரையைப் பார்த்தால் தெரிவது பேராக் மாநிலம். அங்கே தெலுக் இந்தானைக் கடந்து வடக்கே வெகுதூரம் போனால் தைப்பிங் நகரம் வரும். மழைக்கும் பூந்தோட்டத்துக்கும் பெயர்போன ஊர். சரக்கு வாங்கவோ, சம்பந்தம் பேசவோ நம்மில் பலர் அங்கே போய் வந்திருப்போம். அவ்வூரின் பெயருக்குச் சீன மொழியில் 'பெரும் சமாதானம்' என்று பொருள். ஓர் ஊருக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள்? அதற்குமுன் அங்கே இருந்தது பெரும் சண்டை என்பதனால்தான்.

அப்பகுதிக்கு லாருட் என்று பெயர். 1840-களில் அங்கே ஈயம் இருப்பது தெரிந்தது. லோங் ஜாஃபர் என்ற மலாய்ப் பிரமுகர் சீனத் தொழிலாளரை வரவழைத்து ஈயம் எடுக்கத் தொடங்கினார். அவர் மகன் ஙா இப்ராஹிம் காலத்தில் தொழில் பெருகிற்று. வந்த சீனர்கள் இரண்டு சங்கங்களாகப் பிரிந்து நின்றார்கள். ஹை சான் கூட்டத்தார் கிளியான் பாவ் என்ற இடத்திலும், கீ ஹின் கூட்டத்தார் கிளியான் பாரு என்ற இடத்திலும் ஈய லம்பங்கள் வைத்திருந்தார்கள். ஈயம் கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். 1861-ஆம் ஆண்டில் தண்ணீர் வாய்க்கால் யாருக்கு என்பதில்தான் முதற் சண்டை மூண்டது. கீ ஹின்னார் விரட்டப்பட்டனர். அவர்கள் பிரிட்டிஷாரிடம் முறையிட, பிரிட்டிஷார் கடல்வழியை அடைத்தனர். முடிவில் 1862-ல் ஙா இப்ராஹிம் 17,447 வெள்ளி நஷ்டஈடு கட்டும்படியாயிற்று.

பணம் கட்டியாயிற்று, பகை தீர்ந்ததா? இல்லை. 1865-ல் சூதாட்டத்தில் எழுந்த தகராறு ஒன்றில் கீ ஹின்னார் 14 பேர் பிடிக்கப்பட்டனர்; அவர்களில் 13 பேர் கொல்லப்பட்டனர். தப்பிய ஒருவன் போய்ச் சேதி சொல்ல, மறுபடியும் தீ பற்றியது. 1872-லும் 1873-லும் நடந்தது சண்டையென்று சொல்வதைவிட யுத்தமென்றே சொல்லலாம். இன்று இவர் வெல்ல அவர் ஓடுவதும், நாளை அவர் வெல்ல இவர் ஓடுவதுமாக இருந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் மாண்டனர். பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டனர். எந்தத் தண்ணீருக்காக அடித்துக்கொண்டார்களோ, அந்தத் தண்ணீர் ஆளில்லாத லம்பங்களில் தேங்கி நின்றது.

நம்மவர் பங்கு

இது யாரோ சீனர்களின் பழங்கதை, நமக்கென்ன என்று எவரும் நினைக்க வேண்டாம். லாருட்டின் பகை கடல் கடந்து பினாங்கிலும் இருந்தது. லம்பங்களுக்கு முதல் போட்ட தவுக்கேமார் அங்கேதான் இருந்தார்கள். அதே காலத்தில் பினாங்கு முஸ்லிம்களிடையேயும் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று இரண்டு கூட்டங்கள் இருந்தன. மலாய்க்காரரும், ஜாவிப் பெக்கான் எனப்பட்ட கலப்புக் குடும்பத்தாரும், இந்திய முஸ்லிம்களும் இவற்றில் சேர்ந்திருந்தார்கள். வெள்ளைக்கொடியார் கீ ஹின்னோடு கைகோத்தனர். சிவப்புக்கொடியார், ஹை சானுக்கு வேண்டியவர்களான தோ பே கோங் கூட்டத்தாரோடு கைகோத்தனர்.

1867-ஆம் ஆண்டு முஹர்ரம் சமயத்தில் ஒரு ரம்புத்தான் பழத்தோலை யாரோ வீசியெறிந்ததில் வாய்ச்சண்டை தொடங்கியதென்று சொல்லப்படுகிறது. அது ஆகஸ்டு மாதத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பீரங்கி முழங்கும் கலவரமாக வளர்ந்தது. லெபு கேனன் என்று அங்கே ஒரு தெருவுக்கு இன்றும் வழங்கும் பெயர் அந்நாட்களின் நினைவே. சுமார் பத்து நாட்கள் கடை திறக்கவும் வழியில்லை. ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் மக்கள், வேறெவரோ இருவரின் ஈயத்துக்கும் தண்ணீருக்குமான பகையைத் தங்கள் பகையாக ஏற்று, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்பதை எண்ணும்போது தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது. பின்னர் சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்து, நான்கு கூட்டத்தாருக்கும் தலைக்கு 5,000 வெள்ளி தண்டம் விதித்தது. அந்தப் பணத்தில் போலீஸ் நிலையங்கள் கட்டப்பட்டன. ஆக, இரண்டு கொடியாரும் சேர்ந்து பணம் போட்டுக் கட்டியது ஒரு மதரஸாவல்ல, போலீஸ் நிலையம்!

சமாதானம் எப்படி வந்தது?

1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, பங்கோர் தீவருகே ப்ளூட்டோ என்ற கப்பலில், கவர்னர் ஸர் ஆண்ட்ரூ கிளார்க் முன்னிலையில் இரு கூட்டத்துத் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஹை சான் பக்கத்தில் முதல்வர் சுங் கெங் குவீ. கீ ஹின் பக்கத்தில் முதல்வர் சின் ஆ யாம். ஆயுதங்களை ஒப்படைப்பது, கோட்டைத் தடுப்புகளை இடிப்பது, மீறினால் 50,000 வெள்ளி தண்டம் கட்டுவது என்பன நிபந்தனைகள். அவற்றை நிறைவேற்ற டன்லப், ஸ்வெட்டன்ஹம், பிக்கரிங் என்ற மூன்று உத்தியோகஸ்தர்களோடு, நேற்றுவரை எதிரிகளாயிருந்த அவ்விரு தலைவர்களும் ஒரே கமிஷனில் அமர்ந்தார்கள்.

அவர்கள் செய்த வேலைகளைக் கவனியுங்கள். முதலாவது, சிறைபிடிக்கப்பட்ட பெண்களைத் தேடி மீட்டார்கள். இரண்டாவது, தடுப்புகளை இடித்தார்கள். மூன்றாவது, கிளியான் பாவ் லம்பங்கள் ஹை சானுக்கு, கிளியான் பாரு லம்பங்கள் கீ ஹின்னுக்கு என்று எல்லை பிரித்தார்கள். முன்னது தைப்பிங் ஆயிற்று. பின்னது கமுந்திங் ஆயிற்று. இரண்டு ஊரும் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இத்தனையிலும் எவரும் எவரையும் கட்டித் தழுவிக் கண்ணீர் விட்டதாகச் சரித்திரத்தில் இல்லை. எல்லைக்கல் நட்டார்கள்; இழந்ததில் திருப்பிக் கொடுக்கக்கூடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்; அவ்வளவுதான்.

பிறகு என்ன நடந்தது? மூன்றே ஆண்டுகளில், 1877-ல் பேராக் மாநில ஆலோசனைச் சபை அமைந்தபோது, சுங் கெங் குவீயும் சின் ஆ யாமும் அதில் ஒருங்கே அங்கத்தினர்களாக அமர்ந்தார்கள். 1880-ல் கைவிடப்பட்ட ஈயக் குழிகள் இருந்த நிலம் பூந்தோட்டத்துக்கென விடப்பட்டது. இன்று நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் தைப்பிங் ஏரிகள் அந்தக் குழிகளே. 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்துதான் ஓடியது. பதினைந்து வருஷங்களுக்குமுன் அங்கே ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்ச் சேர்ப்பதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயிருந்திருக்கும்.

ஆதாயத்துக்காகச் செய்ததுதானே?

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிடலாம். "அவர்கள் அல்லாஹ்வுக்குப் பயந்தா கைகொடுத்தார்கள்? லம்பம் மூடிக் கிடந்தது, முதல் அழிந்தது, மேலே 50,000 வெள்ளி தண்டம் என்ற மிரட்டலும் இருந்தது. ஆதாயத்துக்கும் அச்சத்துக்கும் செய்த சமாதானத்தை நமக்கு உதாரணமாகக் காட்டலாமா?" என்பார் அவர்.

கேள்வி நியாயமானது. அவர்கள் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஊரார் கண்டது, சண்டை நின்றது என்பதைத்தான். கையெழுத்திட்ட நாளில் அவர்கள் மனம் ஒப்பியிருக்க வேண்டுமென்று கட்டாயம் செய்திருந்தால், ஒப்பந்தம் நடந்தேயிராது. சிறைப்பட்ட பெண்கள் தங்கள் வீடு சேர்ந்திருக்க மாட்டார்கள். மீட்கப்பட்ட ஒரு தாயிடம் போய், "அம்மா, உன்னை விடுவித்த தவுக்கேயின் மனத்தில் இன்னும் கசப்பு இருக்கிறது, ஆகையால் இது சரியான சமாதானமல்ல" என்று சொன்னால், அவள் என்ன சொல்வாள்? கசப்பு அவரோடு இருக்கட்டும், நான் என் பிள்ளையிடம் போகிறேன் என்றுதானே சொல்வாள்!

பகையினால் பாதிக்கப்படுகிறவர்கள் பகையாளிகள் இருவர் மட்டுமல்லர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூலிக்கு வந்து மாண்டவர்களுக்கு வாய்க்காலிலும் பங்கில்லை, லாபத்திலும் பங்கில்லை. என் மனம் ஒப்பட்டும் என்று ஒருவர் காத்திருக்கும் காலமெல்லாம், அதன் வட்டியைக் கட்டுகிறவர்கள் வேறு யாரோதான்.

முனாஃபிக் என்ற சொல்லையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வெளியே நட்புக் காட்டி உள்ளே குழி பறிக்க நினைப்பவனே நயவஞ்சகன். உள்ளே வலி இருந்தும், தீங்கு செய்வதில்லை என்று உறுதி செய்துகொண்டு கைநீட்டுகிறவன் எப்படி நயவஞ்சகனாவான்? மழைநாளில் பஜ்ருக்கு எழ உடம்பு ஒப்பாது. ஆயினும் எழுந்து ஒளுச் செய்து தொழுகிறோம். ஸகாத் கணக்குப் பார்த்துப் பணத்தை எடுத்து வைக்கையில் சிலருக்குக் கை கனக்கும், ஆயினும் கொடுக்கிறார்கள். அந்தத் தொழுகையையும் ஸகாத்தையும் வஞ்சகம் என்று எவரும் சொன்னதில்லை. செயல் முன்னே போக, மனம் பின்னே வந்து சேர்வது நம் வாழ்வில் அன்றாடம் நடப்பதே. சமாதானத்துக்கு மட்டும் மனம் முன்னே வரவேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதம் செய்கிறோம்?

ஹுதைபிய்யாவைப் பாருங்கள்

இதற்கு மேலான சான்று நம் கையிலேயே இருக்கிறது. ஹிஜ்ரீ 6-ல், அதாவது கி.பி. 628-ல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களோடு உம்ராவுக்குப் புறப்பட்டு ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். குறைஷிகளின் சார்பில் சுஹைல் இப்னு அம்ரு ஒப்பந்தம் பேச வந்தார். அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லை எழுதக்கூடாது, அப்துல்லாஹ்வின் மகன் என்றே எழுதவேண்டும் என்று அவர் நின்றார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அச்சொல்லை அழிக்க மனம் ஒப்பவில்லை. உமர் (ரலி) அவர்களின் மனமோ கொதித்தது. அவ்வாண்டு கஃபாவைக் காணாமலே திரும்புவதென்றும், பத்தாண்டுகளுக்குச் சண்டையில்லை என்றும் முடிவாயிற்று. சுஹைலின் மகனே முஸ்லிமாகி விலங்கோடு தப்பி வந்தபோது, ஒப்பந்தப்படி அவரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அதைக் கண்டு நின்றவர்களில் யாருடைய மனம் ஒப்பியிருக்கும்?

ஆயினும் சமாதானம் செய்யப்பட்டது. போக்குவரத்துத் திறந்தது, அச்சமின்றி ஒருவரோடொருவர் பேசக் கிடைத்தது. காலித் இப்னு வலீதும் அம்ரு இப்னுல் ஆஸும் இஸ்லாத்தில் வந்து சேர்ந்தது அந்த இடைக்காலத்தில்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் குறைஷிகளின் தோழர்கள் ஒப்பந்தத்தை மீறியபோது, நபிகளாரோடு மக்காவுக்குப் புறப்பட்டவர்கள் சுமார் 10,000 பேர். அங்கேயும் பழிவாங்கலில்லை, பொது மன்னிப்பே வழங்கப்பட்டது. ஒரு சொல்லை எழுதவிட மாட்டேன் என்று நின்ற சுஹைலும் பிறகு முஸ்லிமானார். மனங்கள் மாறியபின் ஒப்பந்தம் வரவில்லை. ஒப்பந்தம் வந்து, அதன் நிழலிலே மனங்கள் மாறின.

பெரும்பாலான பகைகள் கடைசியில் ஒரு சொல்லில்தான் தொங்கி நிற்கின்றன. 'அவர்தான் முதலில் வரவேண்டும்', 'தப்பு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்' என்பன போன்ற சொற்கள். தூதர் என்ற உண்மையான சொல்லையே ஒரு காகிதத்தில் விட்டுக்கொடுத்தவர்களின் உம்மத்தார் நாம். அந்தச் சொல் காகிதத்திலிருந்து அழிந்ததால் தூதுத்துவத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை.

தகப்பன் பகை மகனுக்குச் சொத்தா?

மற்றொரு தடை உண்டு. "என் வாப்பாவை அவமானப்படுத்தியவர் வீட்டில் நான் போய் உட்காரவா?" என்பது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று இதை நினைக்கிறார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு வாரிசுச் சட்டம் தெரியாததல்ல. ஒருவர் மௌத்தானால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வசிய்யத்து, அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. சொத்துக்கு மேற்பட்ட கடன் இருந்தால், மகன் விரும்பித் தீர்ப்பது அவன் பெருந்தன்மை. அவன் தலையில் அது சட்டப்படி ஏறுவதில்லை. காசுக் கடனுக்கே இந்தச் சலுகை அளித்திருக்கும் மார்க்கத்தில், பகையை மட்டும் ஐந்தொகை போட்டு வாரிசுகளுக்குப் பங்கு வைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? தகப்பனாருக்கு நாம் செய்யக்கூடியது துஆவும் தர்மமும், அவர் தரவேண்டியதைத் தருவதுமே. அவருடைய கோபத்தை நாம் சுமப்பதனால் கபுரில் அவருக்கு ஒரு நன்மையும் சேராது.

மத்தியஸ்தர் கூலி

லாருட் கதையில் இன்னொரு பாகமும் உண்டு. அதை மறைத்துச் சொன்னால் கணக்கு நேராகாது. அதே நாளில், அதே கப்பலில், பேராக்கின் அரியணைத் தகராறும் தீர்க்கப்பட்டது. ராஜா அப்துல்லாஹ் சுல்தானாக ஏற்கப்பட்டார். பதிலுக்கு ரெஸிடெண்ட் என்ற பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் ஒருவரை அவர் ஏற்க வேண்டியதாயிற்று. மலாய்க்காரரின் மார்க்கமும் வழக்கமும் தவிர மற்றெல்லாவற்றிலும் அந்த உத்தியோகஸ்தரின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டுமென்பது நிபந்தனை. மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் ஆதிக்கம் நிலைபெற அதுவே வாசலாயிற்று. 1861-ல் வாய்க்காலின் கரையில் உட்கார்ந்து தங்களுக்குள்ளே பேசி முடித்திருக்கக்கூடிய விஷயம், பதின்மூன்று வருஷம் தள்ளிப்போனபோது, தீர்த்து வைக்க வந்தவர் கேட்ட கூலி மிகப் பெரிதாயிருந்தது.

நம் கடைத்தெருக்களிலும் சிறிய அளவில் நடப்பது இதுவே. சபாக் போன்ற ஊரில் கடைத்தெரு எவ்வளவு நீளம்? இரண்டு கடைக்காரருக்குள் பேச்சில்லையென்றால், ஒருவரிடம் தீர்ந்த சரக்கை மற்றவரிடம் கைமாற்றாக வாங்க முடியாது. ஒரே லாரியில் ஏற்றி வரக்கூடிய சரக்குக்கு இரண்டு லாரி வாடகை. அவர் பத்துக் காசு குறைத்தால் இவர் பதினைந்து காசு குறைப்பார். முடிவில் இருவர் லாபத்தையும் மூன்றாமவர் கொண்டுபோவார். வழக்கு மன்றம் போனாலோ வக்கீலின் நோட்டில்தான் வரவு ஏறும். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுது, ஸலாம் கொடுத்து முகம் திருப்பும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எழுந்து போவார்கள்.

எது சமாதானம் அல்ல

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சமாதானம் என்ற பெயரால் எளியவனை வாய் மூடச் சொல்வது சமாதானமல்ல. பங்காளியின் முதலை எடுத்துக்கொண்டவர், அதைத் திருப்பித் தராமல், "பழையதை மறந்துவிடுவோம் தம்பி" என்று தோளில் கைபோடுவது சமாதானமல்ல. அது கொள்ளையின் கடைசிப் பாகம். லாருட்டிலும் பெண்களை மீட்டார்கள், எல்லை பிரித்தார்கள். இவை நடந்ததனால்தான் ஒப்பந்தம் நிலைத்தது. முதலில் 17,447 வெள்ளி கொடுத்தும் பகை தீராததற்குக் காரணம், பணம் கைமாறிற்றே தவிர, வாய்க்கால் யாருக்கு என்ற கேள்வி தீராமல் கிடந்ததுதான்.

ஆகவே சமாதானம் பேசப் போகும் பெரியவர்கள், "அல்லாஹ்வுக்காக மறந்துவிடுங்கள்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பாமல், அந்த இருவருக்கிடையே வாய்க்கால் எது என்று முதலில் கேட்டறிய வேண்டும். திருப்பிக் கொடுக்கக்கூடியதைக் கொடுக்கச் செய்ய வேண்டும். கொடுக்க முடியாதவற்றை, அதாவது சொன்ன வசவையும் போன வருஷங்களையும், வராக்கடன் என்று எழுதி வரியை அடிக்க வேண்டும். நாம் ஒரு பாக்கியை வராக்கடன் என்று எழுதும்போது, அந்த ஆள் சரக்கே வாங்கவில்லை என்று பொய்யெழுதுவதில்லை. வாங்கினார், தரவில்லை, இனி கேட்பதில்லை என்றுதான் எழுதுகிறோம். மன்னிப்பும் அப்படியே. நடந்ததை இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. இனிக் கேட்பதில்லை என்பதே போதும். பேசி முடித்ததை இரண்டு சாட்சிகளோடு எழுதியும் வைக்க வேண்டும். இரு வீட்டாரும் உடனே ஒரே ஸஹனில் உண்ண வேண்டுமென்று அவசரப்படுத்தலாகாது. தைப்பிங்கும் கமுந்திங்கும் தனித்தனி ஊராக இருந்துகொண்டே அமைதியாக வாழவில்லையா?

மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமோடு பேச்சை முறித்திருப்பது ஆகாதென்பதும், இருவரில் சிறந்தவர் முந்தி ஸலாம் சொல்பவரே என்பதும் நாம் சிறு வயதிலேயே ஓதியவை. இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்று நாளில் மனம் ஆறிவிடும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. மூன்று நாளில் பேசிவிட வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. மனத்தின் புண் ஆற மூன்று வருஷம் ஆகலாம். ஸலாம் சொல்ல அத்தனை காலம் வேண்டியதில்லை.

வரும் பெருநாளன்று பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகையில், எந்த முகத்தைத் தவிர்ப்பதற்காகச் செருப்பைத் தேடுவதுபோல் நாம் குனிகிறோமோ, அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு ஸலாம் சொல்வோமாக. மனம் பின்னால் வந்து சேரட்டும். உள்ளங்களைப் புரட்டுகிறவன் அல்லாஹ். நாக்கையும் கையையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறான். நம் பங்கை நாம் செய்ய அவன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.